தலைதட்டி ஒரு டீஸ்பூன்

வாசகர் கேள்வி பதில்: சமையலறை அளவுகள்

சமையல் குறிப்புகளைப் படித்துவிட்டு எழுதுபவர்களில் பலர் கேட்பது மசாலாவைப் பற்றி அல்ல, ஸ்பூனைப் பற்றி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

உங்கள் குறிப்புகளில் டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்று போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் இருப்பது சாப்பிடும் ஸ்பூன், பாயச ஸ்பூன், அஞ்சறைப்பெட்டி ஸ்பூன் மூன்றும்தான். இதில் எது டீஸ்பூன்? – வாசகி, திண்டுக்கல்

மூன்றுமே டீஸ்பூனாக இல்லாமல் போகலாம். டீஸ்பூன் என்றால் 5 மி.லி. பிடிக்கும் ஸ்பூன். டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. மூன்று டீஸ்பூன் சேர்ந்தால் ஒரு டேபிள்ஸ்பூன். இலங்கைக் குறிப்புகளில் வரும் தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்பவையும் இவைதான். பாத்திரக்கடையில் டஜன் கணக்கில் விற்கும் ஸ்பூன்கள் கைக்கும் வாய்க்கும் வசதியாகச் செய்யப்பட்டவை. அவற்றின் ஆழத்துக்கு எந்தக் கணக்கும் கிடையாது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஸ்பூன்களில் ஒன்று 4 மி.லி. பிடிக்கும், இன்னொன்று 7 மி.லி. பிடிக்கும்.

ஆகவே உங்கள் ஸ்பூனை ஒருமுறை அளந்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊசி வேண்டாம். அதில் தண்ணீரை 5 வரை இழுத்து, ஸ்பூனை ஆடாமல் மட்டமாக வைத்துக்கொண்டு மெதுவாக விடுங்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் வழிந்துவிடாது. நடுவில் லேசாக உப்பிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிற்கும். அந்த உப்பலையும் சேர்த்தால் கணக்கு கூடிவிடும். கண்ணை ஸ்பூன் விளிம்பின் உயரத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் தட்டையாக நிற்கும்போதே நிறுத்துங்கள். சிரிஞ்சில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் உங்கள் ஸ்பூனின் அளவு.

வீட்டில் டிஜிட்டல் தராசு இருந்தால் சிரிஞ்ச்கூட வேண்டாம். காலி டம்ளரை வைத்து பூஜ்யமாக்கிவிட்டு, பத்து ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, வரும் கிராமைப் பத்தால் வகுங்கள். தண்ணீர் 1 மி.லி. என்றால் 1 கிராம். ஒரே ஒரு ஸ்பூனை ஊற்றிப் பார்க்காதீர்கள். வீட்டுத் தராசு முழு கிராமாகத்தான் காட்டும். 5 கிராமில் அரை கிராம் முன்னே பின்னே போனாலே பத்து சதவீதம் தவறிவிடும்.

வந்த அளவை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பாயச ஸ்பூன் 8 மி.லி. என்று வந்தால், அதில் இரண்டு போட்டால் ஒரு டேபிள்ஸ்பூன். அஞ்சறைப்பெட்டி ஸ்பூன் இரண்டரை மி.லி. என்றால் அதில் இரண்டு ஒரு டீஸ்பூன். இதற்குப் பிறகு புது செட் வாங்க வேண்டிய அவசியமே பலருக்கு இருக்காது.

வாங்குவதென்றால் ஸ்டீல் செட்டாக, அளவு அச்சிடப்படாமல் பொறிக்கப்பட்டதாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் அச்சடித்த எழுத்து சில மாதங்களில் அழிந்துவிடும். அரை டேபிள்ஸ்பூன் என்று ஒன்று சில செட்டுகளில் வரும். அது ஏழரை மி.லி. டீஸ்பூன் என்று நினைத்து அதை எடுத்துவிடுபவர்கள் நிறைய. விலை மலிந்த செட்டுகளில் பொறித்த அளவும் பிடிக்கும் அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். அதையும் ஒருமுறை சிரிஞ்சில் பார்த்துவிடுங்கள்.

ஒரு ஸ்பூன் என்றால் கோபுரமாக எடுப்பதா, மட்டமாக எடுப்பதா? – வாசகர், நாகர்கோவில்

குறிப்பில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் தலைதட்டிய அளவுதான். நெல்லை மரக்காலில் தலைதட்டி அளந்த ஊர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கிலச் சமையல் குறிப்புகளில் இதைக் கறாரான விதியாக்கியவர் பாஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர். 1896-ல் வெளிவந்த அவருடைய சமையல் நூலுக்குப் பிறகுதான் மட்டமான ஸ்பூன், மட்டமான கப் என்பது அங்கே வழக்கமானது.

கோபுர அளவில் உள்ள சிக்கல், அது பொருளுக்குப் பொருள் மாறுவது. கடலை மாவு, மைதா, மல்லித்தூள் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு உயரமாக நிற்கும். ஸ்பூன் பிடிப்பதைப்போல இரண்டு மடங்குகூட மேலே ஏறி நிற்கலாம். சர்க்கரையும் தூள் உப்பும் சரிந்துவிடும். ஒரே கை, ஒரே ஸ்பூன், ஆனால் கணக்கு வேறு.

தலைதட்டுவதிலும் முறை இருக்கிறது. டப்பாவில் உள்ள பொடியை முதலில் ஸ்பூன் காம்பால் கிளறித் தளர்த்துங்கள். ஸ்பூனை உள்ளே விட்டு நிறைய எடுங்கள். டப்பா விளிம்பில் தட்டாதீர்கள், விரலால் அழுத்தாதீர்கள். தட்டினால் பொடி அமுங்கி, அதே ஸ்பூனில் கூடுதலாக ஏறிவிடும். கத்தியின் முதுகைக் காம்புப் பக்கம் வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள்.

அரை ஸ்பூன் வேண்டுமென்றால் தலைதட்டிய பொடியை நீளவாக்கில், காம்பிலிருந்து நுனிக்குக் கோடு போட்டுப் பிரித்து ஒரு பாதியைத் தள்ளிவிடுங்கள். குறுக்கே பிரித்தால் சரிபாதி வராது, ஏனென்றால் ஸ்பூனின் காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் ஒரே ஆழம் இல்லை. கால் ஸ்பூனுக்கு அந்த நீளப் பாதியைக் குறுக்கே பிரிக்கலாம். அங்கே ஆழமான பக்கத்தைக் கொஞ்சம் சிறிதாக விட்டுப் பிரிக்க வேண்டும்.

குறிப்பில் ஒரு டீஸ்பூன் உப்பு என்று இருந்தது. நான் கல்லுப்பு ஒரு டீஸ்பூன் போட்டேன். உப்பே இல்லை. அளவு தவறா? – வாசகி, ஈரோடு

உங்கள் அளவிலும் தவறில்லை, குறிப்பிலும் தவறில்லை. ஸ்பூன் அளப்பது இடத்தை. நாக்குக்குத் தெரிவது எடை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று உட்கார்ந்துகொள்கிறது. அதனால் கல்லின் பருமனுக்கு ஏற்ப எடை குறையும். பருமனான கல் என்றால் ஸ்பூனில் நாலு கல்தான் நிற்கும், தலைதட்டவும் முடியாது. கல்லுப்பு பயன்படுத்துபவர்கள் அதை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி வைத்துக்கொள்ளலாம், அல்லது தண்ணீரில் கரைத்து ருசி பார்த்துச் சேர்க்கலாம். ஊறுகாய்க்கு ஸ்பூன் கணக்கே வேண்டாம். அங்கே உப்பு குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், ஆகவே காயையும் உப்பையும் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

இதே காரணத்தால் 5 மி.லி. என்பதை 5 கிராம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும். சர்க்கரை ஒரு டீஸ்பூன் 4 கிராம். எண்ணெய் நாலரை கிராம். தேன் 7 கிராம். மஞ்சள் தூள் 3 கிராம், சீரகம் 2 கிராம், வெந்தயம் நாலு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மைதா ஒரு டேபிள்ஸ்பூனே 8 கிராம்தான். இவையெல்லாம் தலைதட்டிய அளவுகள். பொடி எவ்வளவு நைசு, எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.

வீட்டில் அரைத்த சாம்பார் பொடியும் கடைப் பொடியும் ஒரே ஸ்பூனில் ஒரே காரம் தராததற்கு மிளகாய் மட்டும் காரணமில்லை. அரைத்த அன்று பொடி பொங்கலாக இருக்கும். பதினைந்து நாள் டப்பாவில் இருந்தால் அமுங்கிவிடும். முதல் நாள் இரண்டு ஸ்பூன் போட்டுச் சரியாக வந்த சாம்பார், மாதக் கடைசியில் அதே இரண்டு ஸ்பூனில் காரம் கூடிப்போவது இதனால்தான்.

உப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தூள் உப்பில் அது தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட இல்லை. குழம்பு, பொரியல், அப்பளம், ஊறுகாய், மோர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், காலையிலேயே அன்றைய உப்பைத் தனிக்கிண்ணத்தில் அளந்து வைத்துச் சமைப்பது நல்ல வழி.

நான் இருப்பது மெல்போர்னில். தமிழ்நாட்டுக் குறிப்பைப் பார்த்து 3 கப் பாலுக்கு 1 டேபிள்ஸ்பூன் கடல்பாசித் தூள் போடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கல்லாக இறுகிவிடுகிறது. – வாசகி, ஆஸ்திரேலியா

உங்கள் ஸ்பூனின் காம்பைப் பாருங்கள், 20 மி.லி. என்று இருக்கும். ஆஸ்திரேலியாவில் டேபிள்ஸ்பூன் என்றால் 20 மி.லி., அதாவது நாலு டீஸ்பூன். இந்தியாவிலும் இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் 15. அமெரிக்க டேபிள்ஸ்பூன் 15-க்கு ஒரு துளி குறைவு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கடல்பாசி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தூள் கடல்பாசி ஒரு டீஸ்பூன் ஒரு கப் பாலைக் கட்டிப் பிடித்துவிடும். ஆகவே டேபிள்ஸ்பூனை எடுக்காமல், மூன்று டீஸ்பூனாக அளந்து போடுங்கள். டீஸ்பூன் எல்லா நாட்டிலும் 5 மி.லி.தான் என்பதால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது பத்திரமான வழி. சாம்பாரிலும் ரசத்திலும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சோளமாவு, பேக்கிங் பவுடர், கடல்பாசி மூன்றிலும் நன்றாகத் தெரியும்.

கப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்கக் கப் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் 180 மி.லி. மட்டுமே. குக்கர் கப்பில் மாவை அளந்து, அளவு ஸ்பூனில் சோடாவைப் போட்டால் சோடா கூடிவிடும்.

கேக் செய்தால் சோப்பு போல ஒரு ருசி வருகிறது. ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டேன். சோடா பழசா? – வாசகி, கோவை

பழசாக இருந்தால் கேக் எழும்பாது, சோப்பு ருசி வராது. உங்களுக்குச் சோடா கூடிவிட்டது. ஆப்ப சோடா தானாகத் தன் வேலையை முழுதாகச் செய்யாது. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று ஏதாவது புளிப்பு அதைச் சந்திக்க வேண்டும். அப்போதுதான் காற்றுக்குமிழி வந்து மாவு எழும்பும். புளிப்பு தீர்ந்த பிறகு மிச்சமாகும் சோடா அப்படியே கேக்கில் தங்கிவிடும். சோப்பு ருசி அதனுடையது. கேக்கின் மேல்பக்கம் வழக்கத்தைவிடக் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும், நடுவில் அமுங்கியும் இருக்கலாம். அடுத்த தடவை கவனித்துப் பாருங்கள்.

கணக்கு இதுதான்: ஒரு கப் மைதாவுக்குக் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா. அந்தக் கால் டீஸ்பூனுக்கு அரை கப் புளித்த மோரோ தயிரோ போதும். பேக்கிங் பவுடர் என்றால் ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன், அதிகம் போனால் ஒன்றேகால். பேக்கிங் பவுடருக்குள்ளேயே புளிப்பும் மாவும் கலந்திருக்கிறது. அதனால் ஆப்ப சோடா அதைவிட மூன்று, நாலு மடங்கு வேகமானது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அதே ஸ்பூன் கணக்கில் மாற்றியிருந்தால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும்.

சோடா எளிதில் கட்டி தட்டும். கட்டியோடு தலைதட்டினால் அளவும் தவறும், கேக்கில் அங்கங்கே பழுப்புப் புள்ளியும் விழும். விரலால் நசுக்கிச் சலித்த பிறகு அளந்து, மைதாவோடு சேர்த்து மறுபடி சலியுங்கள்.

மைதாவையும் கவனியுங்கள். கப்பை நேராக டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் 150 கிராம்கூட ஏறும். ஸ்பூனால் கப்பில் தூவி நிரப்பித் தலைதட்டினால் 120, 125 கிராம். கேக் வறண்டு உதிர்கிறது என்று எழுதும் பலருக்கும் காரணம் இந்த 25 கிராம்தான். கேக் அடிக்கடி செய்பவர் என்றால் மைதாவுக்குக் கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறிவிடுவது நல்லது. சோடாவுக்கு மட்டும் ஸ்பூனே சரி. கால் டீஸ்பூன் சோடா ஒரு கிராமை ஒட்டித்தான் வரும், வீட்டுத் தராசு அதைச் சரியாகக் காட்டாது.

சிட்டிகை என்பதற்கு அளவு உண்டா? – வாசகர், தஞ்சாவூர்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுத்தால் சுமாராக டீஸ்பூனில் பதினாறில் ஒரு பங்கு. நடுவிரலையும் சேர்த்தால் எட்டில் ஒரு பங்கு வரை வரும். மஞ்சளுக்கும் பெருங்காயத்துக்கும் இது போதும். ஆனால் குறிப்பில் உள்ள பெருங்காயம் கூட்டுப் பெருங்காயத் தூளா, கட்டியா என்று பாருங்கள். தூளில் மாவும் கோந்தும் கலந்திருக்கும்.

குழந்தைக்கு 5 மி.லி. சிரப் கொடுக்கச் சொன்னார் டாக்டர். டீஸ்பூன் 5 மி.லி. தானே, அதிலேயே கொடுக்கலாமா? – வாசகி, விருதுநகர்

வேண்டாம். மருந்தோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ மட்டுமே கொடுங்கள். வீட்டு ஸ்பூன் 7 மி.லி. பிடித்தால் ஒவ்வொரு வேளையும் நாற்பது சதவீதம் கூடுதலாகப் போகும். தூக்கக் கலக்கத்தில் பெரிய ஸ்பூனை எடுத்துவிட்டால் மூன்று மடங்கு. காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால் சிரப்பிலேயே 5 மி.லி.க்கு 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வீரியம் கடையில் இருக்கிறது. பாட்டில் மாறினாலே மருந்து இரட்டிப்பாகும். அதோடு ஸ்பூனும் மாறினால் ஆபத்து. வீரியத்தையும் மி.லி.யையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி வரும் பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் பொடி இருக்கும். அதை முழுதாக 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனில் எடுத்து டம்ளரில் கலக்காதீர்கள். உள்ளே இருக்கும் உப்புகளும் குளுகோசும் எல்லா ஸ்பூனிலும் ஒரே விகிதத்தில் வராது. 200 மி.லி.க்கான சிறிய பாக்கெட்டும் கிடைக்கிறது, அட்டையில் உள்ள அளவைப் படித்துக் கலக்குங்கள். 

பாக்கெட் கிடைக்காத இரவில் மட்டும் இது: 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. அளந்து பார்த்த 5 மி.லி. ஸ்பூனில்தான் எடுக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு நேரும் கெடுதல், மருந்தே கொடுக்காததைவிட மோசமாகலாம். கலந்ததும் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். விடிந்ததும் பாக்கெட் வாங்கி அதற்கு மாறிவிடுங்கள்.

பால்பவுடர் டப்பாவில் இருந்த ஸ்கூப் தொலைந்துவிட்டது. எத்தனை டீஸ்பூன் போடலாம்? – வாசகர், திருவண்ணாமலை

கைக்குழந்தைக்கான பவுடர் என்றால் டீஸ்பூன் கணக்கு சொல்ல மாட்டோம். ஒவ்வொரு கம்பெனி ஸ்கூப்பும் அந்தப் பவுடரின் எடைக்கென்று செய்தது. வேறு டப்பாவின் ஸ்கூப்பும் ஆகாது. கெட்டியாகக் கலந்தால் குழந்தைக்கு நீர்ச்சத்துக் குறையும், நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. அதே பவுடரில் புது டப்பா வாங்குங்கள். கலக்கும்போது தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டு, அதன்மேல் தலைதட்டிய ஸ்கூப்பைப் போடுங்கள்.

நாலு பேருக்கான குழம்புக் குறிப்பை இருபத்தைந்து பேருக்கு எப்படிப் பெருக்குவது? ஆறு மடங்கு போட்டால் காரமும் எண்ணெயும் தாங்கவில்லை. – வாசகி, மதுரை

காய், பருப்பு, புளி மூன்றையும் ஆறால் பெருக்குங்கள். தண்ணீரை அப்படியே பெருக்க வேண்டாம். அகலமான சின்னப் பாத்திரத்தில் வற்றும் அளவுக்குப் பெரிய அண்டாவில் வற்றாது. ஐந்து மடங்கு ஊற்றி ஆரம்பித்து, வேண்டுமானால் வெந்நீர் சேர்க்கலாம். எண்ணெய் தாளிக்கும் சட்டியின் அடி நனையும் அளவுக்குத்தான் தேவை. மூன்று, நாலு மடங்கே ஏராளம். மிளகாய்த்தூள், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றில் முதலில் நாலரை மடங்கு போட்டுக் கொதித்த பிறகு ருசி பாருங்கள். உப்பை ஆறு மடங்கு அளந்து தனியே வைத்து, முக்கால்வாசியை முதலிலும் மீதியை இறக்கும் முன்பும் சேருங்கள்.

அளக்கும்போது டீஸ்பூனை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ஆறு டீஸ்பூன் என்பது இரண்டு டேபிள்ஸ்பூன். பன்னிரண்டு டீஸ்பூன் நாலு டேபிள்ஸ்பூன், அதாவது கால் கப். பெரிய அளவால் ஒருமுறை எடுத்தால் எண்ணிக்கையும் தவறாது, ஒவ்வொரு தலைதட்டலிலும் வரும் சிறு பிழை சேர்ந்து பெருகவும் பெருகாது.

தேன் அளந்தால் பாதி ஸ்பூனிலேயே ஒட்டிக்கொள்கிறது. – வாசகி, பாளையங்கோட்டை

ஸ்பூனில் ஒரு துளி எண்ணெய் தடவிவிட்டு அளங்கள், முழுதும் வழுக்கி விழும். வெல்லப்பாகுக்கும் இதே வழிதான். நெய்யை உறைந்த நிலையில் அளந்தால் உள்ளே காற்று இடைவெளி இருக்கும், உருக்கி அளங்கள். ஒரே குறிப்பில் எண்ணெயும் தேனும் இருந்தால் எண்ணெயை முதலில் அளந்துவிட்டு, அந்த ஸ்பூனைத் துடைக்காமல் அதிலேயே தேனை அளங்கள்.